ஸ்டுடியோ வெளிச்சத்தில் சாதி

மலையாள சினிமாவின் முதல் நாயகி பி.கே. ரோஸி. அவருடையதுதான் என்று ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்யப்பட்ட ஒரு புகைப்படம்கூட இன்று நம்மிடம் இல்லை. 1920களின் இறுதியில் ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் மௌனப் படத்தில், புலையர் சமூகத்தில் பிறந்த ரோஸி நாயர் பெண்ணாக நடித்தார். ஆதிக்கச் சாதியினர் கொதிப்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது திரைமீது கல்லெறிந்தார்கள். அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பி வந்தவர் நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். மறுபடி எந்தக் கேமராவின் முன்னும் அவர் நடிக்கவில்லை. படச்சுருளும் அழிந்துவிட்டது. இணையத்தில் அவர் பெயரில் சுற்றும் படம் அவருடையதுதானா என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது.

ரோஸியை நாம் நினைவுகூரத் தொடங்கிவிட்டோம். கேரளத்தின் ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ 2019இல் அவர் பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கியது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரது சித்திரத்தை வைத்தது. எல்லாம் வரவேற்க வேண்டியவையே. ஆனால் இந்த நினைவுகூரல்களுக்கு நடுவே ஒரு கேள்வியை நாம் கேட்காமலேயே கடந்துவிடுகிறோம். ஒரு நடிகரை அவருடைய முகத்துக்காகவே, அவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு, நெருங்கி நின்று படமெடுத்து வைப்பது என்ற ஒன்று இருக்கிறதே, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

நான் ஸ்டுடியோ உருவப்படத்தைப் பற்றிப் பேசுகிறேன். படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கும் ‘ஸ்டில்’ வேறு. அங்கே நடிகர் கதாபாத்திரமாக நிற்கிறார். உடையும் வசனமும் அவருக்குப் பாதுகாப்பு. ஸ்டுடியோ உருவப்படத்தில் அவை எதுவும் கிடையாது. அடைத்த அறை, ஒன்றிரண்டு விளக்குகள், நான்கடி தூரத்தில் ஒரு கேமரா. கதாபாத்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். சில சமயம் மேக்கப்கூட இருக்காது. சில சமயம் தோளும் கழுத்தும் திறந்திருக்கும். கண்ணிமையின் நடுக்கம் முதல் உதட்டு வெடிப்பு வரை எல்லாம் பதிவாகும். இதைக் கலை என்றும், ஃபோட்டோகிராபரின் ‘கண்’ என்றும் பேசியே பழகிவிட்டோம். இது முதலில் உரிமை சார்ந்த விஷயம் என்பதே என் வாதம்.

காலனிய இந்தியாவில் ஒடுக்கப்பட்ட மக்களின் உடல்கள் கேமராவுக்கு முன் நிறுத்தப்பட்ட வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் நீள அகலத்தை அளந்தார், தலையை அளந்தார், படமெடுத்தார். அந்தப் படங்களில் இருப்பவர்களை நாம் பெரும்பாலும் சாதிப் பெயரால் மட்டுமே அறிகிறோம். அவர்கள் யார், அவர்களுக்கு வீட்டில் என்ன பெயர், படமெடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்களா என்பதற்குப் பக்கத்தில் இடமில்லை. ஒரு முகம் ஒரு சாதியின் மாதிரியாக மாற்றப்பட்டது. உருவப்படம் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது: ஒருவரை அவராக மட்டுமே காட்டுவது.

அண்ணல் அம்பேத்கர் இந்த மூக்களவை வாதத்தை அதன் புள்ளிவிவரங்களைக் கொண்டே உடைத்தார். தீண்டப்படாதோர் யார் என்பதை ஆராய்ந்து 1948இல் அவர் வெளியிட்ட நூலில், பார்ப்பனர்களின் அளவுகளையும் தீண்டப்படாதோரின் அளவுகளையும் ஒப்பிட்டு, இருவரும் வேறு வேறு இனம் என்பதற்கு ஆதாரமில்லை என்று காட்டினார். சாதி இரத்தத்தில் இல்லை, மூக்கில் இல்லை, தோலில் இல்லை. எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் இருக்கிறது என்பது தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும்.

அம்பேத்கர் உடைத்ததை நம் மேக்கப் அறைகள் திரும்ப ஒட்டவைக்கின்றன. கதையில் சேரிப் பெண் என்றால் வெளிர் நிற நடிகைக்குக் கரிய பூச்சு. 2019இல் வந்த ‘பாலா’ இந்திப் படத்தில் பூமி பெட்னேகருக்கு முகத்தைக் கறுப்பாக்கியதற்கு நாடெங்கும் விமர்சனம் வந்தது. தமிழிலும் இந்தப் பழக்கம் புதிதல்ல. அதே அறையில், இயல்பிலேயே கறுத்த துணை நடிகைக்கு இரண்டு ஷேடு வெளிர்ந்த ஃபவுண்டேஷன் அப்பப்படுகிறது. ஒருவரைக் கறுப்பாக்குவதும் மற்றவரை வெளுப்பாக்குவதும் முரண்போலத் தெரியலாம். இரண்டும் ஒரே வேலைதான். சாதிக்கு ஒரு நிறம் உண்டு என்று பார்வையாளரை நம்பவைக்கும் வேலை அது.

‘எங்களுக்கு நிறமெல்லாம் பொருட்டில்லை, வெளிச்சம்தான் பிரச்சினை, கறுப்பு முகத்துக்கு லைட் செய்வது கஷ்டம்’ என்பது இத்துறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில். இது இயற்பியல்போல ஒலிக்கும் சாக்கு. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும், அது சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். சட்டகம் முழுக்கக் கறுத்த முகம் இருந்தால் அதை வெளுப்பாக்கப் பார்க்கும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன்போ வெளிர் நிற நாயகனுக்குப் பக்கத்திலோ நின்றால் அவர்களுக்காக வெளிச்சத்தைக் குறைத்து, இந்த முகத்தை இருட்டில் தள்ளும். இரண்டு வழியிலும் அந்த முகத்துக்குச் சேர வேண்டியது சேராது.

இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. கையில் பிடிக்கும் ‘இன்சிடென்ட்’ மீட்டர் முகத்தை அளப்பதில்லை. முகத்தின்மேல் விழும் ஒளியை அளக்கும். யாருடைய முகமாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பெரிய, மென்மையான ஒரு விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் கறுத்த தோல் அந்த ஒளியைத் திருப்பிக் காட்டும். கன்ன எலும்பும் நெற்றியும் தோள்பட்டையும் தாமாக வடிவெடுக்கும். இதற்குக் கோடிக்கணக்கில் கருவி தேவையில்லை. ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், எதிர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை, அரைமணி நேரப் பொறுமை. கஷ்டம் என்று சொல்லப்படுவது உண்மையில் அந்த அரைமணி நேரம்தான். யாருக்காக அந்த அரைமணி நேரம் செலவிடப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கருவிகளும் யாரையும் சாராமல் பிறந்தவை அல்ல. வண்ணப் படங்களை அச்சிடும் லேப்களில் சரியான தோல் நிறம் எது என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடாக் நிறுவனம் 1950களில் இருந்து ஓர் அட்டையை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ என்றே அழைக்கப்பட்டது. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். கறுப்பின மக்களின் முகங்கள் படத்தில் சரியாக வருவதில்லை என்ற மனக்குறை பல காலம் இருந்தது. ஆனால் பழுப்பு நிறங்களைச் சரிசெய்யும் அழுத்தம் சாக்லேட் நிறுவனங்களிடமிருந்தும் மரச் சாமான் நிறுவனங்களிடமிருந்துமே வந்தது என்கிறது அவர் ஆய்வு. சாக்லேட்டுக்குக் கிடைத்த கவனம் மனித முகத்துக்குக் கிடைக்கவில்லை. பல இனத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. இங்கே ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது; கைபேசியின் அழகுக் ஃபில்டர் பெயர் ஏதுமின்றி அதே வேலையைச் செய்கிறது.

இந்தப் பின்னணியில் கடந்த ஆண்டு நான் எடுத்த ஒரு படப்பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு ஸ்டுடியோ புகைப்படக் கலையும் சாதியும் பற்றியது. அதற்காகவே கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன். நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்த ஒரு தோழர், தனக்குப் படங்கள் எடுத்துத் தரக் கேட்டார். தலித் குடும்பத்தில் பிறந்தவர். அதுவரை ஐந்து படங்களில் நடித்திருந்தார்: வீட்டு வேலைக்காரி, சவத்தின் அருகே அழும் பெண், காவல் நிலைய வாசலில் காத்திருக்கும் தாய், இன்னும் இப்படி இரண்டு. ஐந்திலும் அவர் முகம் முழுதாக ஃபோகஸில் நின்ற ஒரு ஃபிரேம்கூட இல்லை. வாய்ப்புத் தேடிப் போகும் இடங்களில் காட்டுவதற்கு அவரிடம் இருந்தது கைபேசிப் படங்கள் மட்டுமே.

சாலிகிராமத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு ஸ்டுடியோவை நான்கு மணி நேரத்துக்கு எடுத்தோம். அவர் மேக்கப் போட்டுக்கொண்டே வந்தார். “எல்லா எடத்துலயும் மொதல்ல இதத்தான் போடுவாங்க தோழர். அதான் நானே போட்டுட்டு வந்துட்டேன்” என்றார். கழுவிவிட்டு வர முடியுமா என்று கேட்டேன். சற்று யோசித்தார். “கதவ சாத்துங்க. அந்த லைட்மேன் தம்பிய வெளிய இருக்கச் சொல்லுங்க. அப்புறம் கழுவுறேன்” என்றார். அப்படியே செய்தோம். தன் மேக்கப் இல்லாத முகத்தை முன்பின் தெரியாத ஒருவர் பார்க்க வேண்டுமா, எப்போது பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். நெருக்கம் என்பதன் முதல் விதி இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. கேமராவைத் தூக்கினால் அவர் முகம் தானாகவே சோகமாகும். ஐந்து படங்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். பிறகு பேச்சு அவருடைய ஊர், அவர் அம்மா வளர்த்த ஆடுகள், நாடகத்தில் அவர் ராஜா வேடம் கட்டியது என்று போனது. ராஜா எப்படி உட்காருவார் என்று கேட்டேன்; உட்கார்ந்து காட்டினார். முதுகு நிமிர்ந்தது, தாடை உயர்ந்தது. அதன் பிறகு நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தின் நடுவில் “போதும்” என்றார். விளக்கை அணைத்தோம்.

அதன் பிறகுதான் முக்கியமான பகுதி. திரையில் எல்லாப் படங்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணோரம் ஈரம் மின்ன, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கண்காட்சியிலும் மாட்டக்கூடிய படம். அவர் அதை அழிக்கச் சொன்னார். “இதுல நான் பாவமா இருக்கேன் தோழர். பாவமா நான் ஏற்கெனவே அஞ்சு படத்துல இருக்கேன்.” அழித்தோம். ராஜாவாக உட்கார்ந்திருந்த படம் உட்பட நான்கைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த ஒரு வாக்கியம் சினிமாவை மட்டும் கேள்வி கேட்கவில்லை, நம்மையும்தான் கேட்கிறது. முற்போக்கு இதழ்களின் அட்டைகளையும் நம் கருத்தரங்கச் சுவரொட்டிகளையும் எடுத்துப் பாருங்கள். கறுத்த முகம் என்றால் கறுப்பு வெள்ளைப் படம், ஆழமான சுருக்கங்கள், கலங்கிய கண்கள். அநீதியை ஆவணப்படுத்துவது தேவை. அதை நான் மறுக்கவில்லை. துயரம் மட்டுமே நெருங்கிப் பார்க்கத் தகுந்தது என்று ஆகும்போதுதான் சிக்கல். தர்ஸ்டன் முகத்தைச் சாதியின் மாதிரியாக்கினார் என்றால், இரக்கத்தின் கேமரா அதைக் கொடுமையின் மாதிரியாக்குகிறது. இரண்டிலும் அந்த மனிதர் காணாமல் போகிறார்.

மாற்று வழிகள் நம்மிடமே இருக்கின்றன. வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், பொதுமுடக்கக் காலத்தில் தன் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்த தொடர் உலகின் கவனத்தைப் பெற்றது. அதில் வீடு இருக்கிறது, அன்பு இருக்கிறது, பெயர் தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிலேயே மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்டவராக இருந்தார். மகிழ்ச்சியான அடிமை என்ற கேலிச் சித்திரத்துக்கு இடம் தராமல், இறுகிய முகத்தோடு நேராகக் கேமராவைப் பார்த்தார். நம் வீடுகளின் சுவர்களில் கோட்டும் டையுமாக இருக்கும் அம்பேத்கர் படத்துக்கும் இதே வலிமைதான். என் பாட்டிக்கு இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்தது. அதே வீட்டுச் சுவரில் அண்ணலின் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நிமிர்ந்த முகம் எப்படி இருக்கும் என்று அந்தச் சுவரில்தான் நான் முதலில் பார்த்தேன்.

இனி, இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய சட்டம் பற்றிச் சில வார்த்தைகள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், அதன் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. இதன் பொருளைக் கவனியுங்கள். பணம் உள்ள நடிகர் தன் முகத்தின் படத்துக்குத் தானே உரிமையாளர். பணமில்லாதவர்களைத் தேடித்தான் ‘காசு வேண்டாம், உங்களுக்கும் படம் கிடைக்கும், எனக்கும் பேர் கிடைக்கும்’ என்ற அழைப்பு வருகிறது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் அந்தப் படங்களின் உரிமை பெரும்பாலும் எடுத்தவரிடமே தங்கிவிடும். இலவசம் என்பதற்கு நம் முகமே விலையாகிறது.

அந்தரங்கமான படங்களில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 354சி) சொல்வது இது: ஒரு பெண் அந்தரங்கப் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். எடுப்பதற்கான சம்மதமும் பரப்புவதற்கான சம்மதமும் வேறு வேறு. மூன்று பேர் வேலை செய்யும் ஸ்டுடியோவில் பாலியல் தொல்லைக்கு எதிரான உள்ளகக் குழு இருக்காது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே மாவட்டம் தோறும் உள்ளூர்க் குழு அமைக்கச் சொல்கிறது. பட்டியல் சாதிப் பெண்ணை அவர் சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதும், அவ்வாறான சொல்லும் சைகையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி குற்றங்கள். ‘போஸ் சரிசெய்கிறேன்’ என்று தொடுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மைதான். புகார் கொடுத்தால் அடுத்த வாய்ப்பு போய்விடும் என்ற பயம் நிஜமானது. கேரளத்தில் ஹேமா குழு 2019 இறுதியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்ட்டில்தான், அதுவும் சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியே வந்தது. பெயர் பெற்ற நடிகைகளின் குரலுக்கே இவ்வளவு காலம் என்றால், சவத்தின் அருகே அழும் துணை நடிகையின் குரலுக்கு எவ்வளவு காலம்? எனவே தனிமனிதத் துணிச்சலை மட்டும் நம்பாமல், நாம் கூட்டாகச் சில வழக்கங்களை உருவாக்க வேண்டும்.

அவை பெரியவை அல்ல. படமெடுக்கும் முன் இரண்டு பக்கத் தாளில் ஓர் ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும்: எதற்காக எடுக்கிறோம், யார் அறையில் இருப்பார்கள், யார் தேர்ந்தெடுப்பார்கள், எங்கே வெளியிடலாம், அழிக்கச் சொன்னால் எத்தனை நாளில் அழிக்க வேண்டும். நடிகர் தன்னோடு ஒருவரை அழைத்து வரலாம் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். ரீடச்சிங்கில் தோல் நிறத்தை மாற்றக் கூடாது என்பது இரண்டாவது வரியாக இருக்கட்டும். நம் பண்பாட்டு அமைப்புகள் ஆண்டுக்குச் சில நாள்களாவது ஒரு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்து, நம் நாடகக் கலைஞர்களுக்கும் கூத்துக் கலைஞர்களுக்கும் துணை நடிகர்களுக்கும் உருவப்படங்கள் எடுத்து, உரிமையோடு கோப்புகளை அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரும் ஊரும் தேதியும் எழுதப்பட வேண்டும். சாதிப் பெயரல்ல, அவர்களுடைய பெயர்.

ரோஸி கேமராவின் முன்னிருந்து விரட்டப்பட்டு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன. இன்று நம்மவர்களை யாரும் கல்லெறிந்து விரட்டுவதில்லை. பின்வரிசையில், ஃபோகஸுக்கு வெளியே, பாவமான முகத்தோடு நிற்க இடம் கொடுக்கிறார்கள். அந்த இடம் நமக்குப் போதாது. நம் முகத்துக்கு உரிய வெளிச்சம் வேண்டும், அதற்கான அரைமணி நேரம் வேண்டும், ‘போதும்’ என்றால் கேமரா கீழே இறங்க வேண்டும். எது நம் முகம் என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.